அவரு வரல, நான் அவரோட தோஸ்த்

தன் எழுத்தைப் பற்றிப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அதே வட்டத்தில் வேறு யாரோ போல உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

தமிழில் வலைப்பதிவுகள் வந்த புதிது அது. இணையத்தில் எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்க ஆசைப்பட்டு ஊர் ஊராகச் சந்திப்பு நடத்தினோம். வேலூரில் கோட்டைப் புல்தரையில் நடந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை. ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்குள் நடப்பதைப் புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்த ஆளைப் பார்க்க வந்திருந்தார்கள். அந்த ஆள் என் பக்கத்தில்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்து அவர் முறை வந்ததும், வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"அவரு வரல. நான் அவரோட தோஸ்த். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு அனுப்புனாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆளு எப்படி இருப்பாரு?" என்று சென்னைக்காரர் கேட்டார்.

"என்ன மாதிரிதான். கொஞ்சம் கலரு ஜாஸ்தி."

"எழுத்தப் பாத்தா ரொம்பக் கோவக்காரர்னு தோணுது."

"அதெல்லாம் எழுத்துலதான் சார். வீட்ல சத்தமே வராது."

இன்னொருவர், கடைசியாக வந்த பதிவின் முடிவு சரியில்லை, அழவைக்கப் பார்க்கிறார் என்று குறை சொன்னார். இவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, "சொல்றேங்க, கண்டிப்பா சொல்றேன்" என்றார். திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் என்னிடம் பேசினார். "அந்த முடிவு பேஜார்தான் தம்பி. அடுத்த வாரம் மாத்திடலாம்."

நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். அதற்கு மேல் எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. அவர் வீட்டுக்கு நான் போனது அவர் செத்த பிறகுதான்.

என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். வேலூரில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலை கிடைத்து, அங்கே கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டு, நானும் ஒரு வலைப்பதிவு தொடங்கி, முதலில் எழுதியது அப்பாவின் கைகளைப் பற்றி. வெந்துபோன உள்ளங்கை, எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றம் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். "அருமை", "கண்கள் பனித்தன" என்று பின்னூட்டங்கள் வந்தன. பெயர் தெரியாத ஒருவர் மட்டும் இப்படிப் போட்டிருந்தார்: "சுண்ணாம்புல நிக்கிறவங்களுக்கு மொதல்ல போறது கால் நகம். நீங்க கைய எழுதிட்டீங்க. கால இன்னும் பாக்கல போல."

கோபம் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பார்த்தேன். வலது காலில் மூன்று விரலுக்கு நகம் இல்லை. இருபத்து நான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். பார்த்ததே இல்லை.

அந்தப் பின்னூட்டத்துக்கு நன்றி சொல்லி எழுதினேன். பதில் வர ஒரு வாரம் ஆனது; வேலூரில் எங்கே வந்தால் பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இணையத்துக்கு வருவார். ஆம்பூரில் பிரவுசிங் சென்டர் நாலைந்து இருந்தும் அங்கே உட்கார மாட்டார். பஸ் பிடித்து வேலூருக்கு வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி சென்டரில், கடைசித் தடுப்பில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றபோது மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"தள்ளுங்கண்ணா, நான் அடிக்கறேன். நீங்க சொல்லுங்க."

அன்றிலிருந்து இரண்டரை வருஷம் அவர் சொல்ல நான் அடித்தேன். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. திங்கள் முதல் சனி வரை வேலை பார்த்துக்கொண்டே மனசுக்குள் எழுதிவிடுவார். வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிப்பார். நடுவில் நான் ஏதாவது கேட்டால், "இரு தம்பி, அறுந்துடும்" என்பார்.

அந்த சென்டரில் பிறகு அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தார்கள். பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் ரிஜிஸ்டரில் போடவேண்டும். அவர் படியிலேயே நின்றுவிட்டார். நான் என் கல்லூரி அட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ரிஜிஸ்டரில் என் பெயரில்தான் இருக்கின்றன.

ஏன் இப்படி ஒளிகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அவர் ஃபேக்டரியில் தோல் தரம் பார்க்கிறவர். மேசையில் தோலை விரித்து, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளி நிற மைப் பேனாவால் வட்டம் போடுவார். வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். ஒவ்வொரு தோல் கட்டிலும் அவருடைய நம்பர் எழுதின சீட்டு போகும். எங்கேயாவது ஒரு ஷூவில் பழுது வந்தால் அந்த நம்பர் தேடிக்கொண்டு திரும்பி வரும்.

"நாள் பூரா என் நம்பரத்தான் கட்டுக் கட்டா அனுப்பினு இருக்கேன். எழுத்துலயாச்சும் நான் இல்லாம இருந்துட்டுப் போறேன் உடு" என்றார்.

வேறு காரணமும் இருந்தது. அவர் எழுதியதில் எல்லோருக்கும் தெரிந்தது கையுறைப் பதிவு. வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆள் வருகிற அன்று காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறையும் முகமூடியும் கொடுத்து, அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் வரிசையில் நிற்கவைத்துத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்து அடுத்த தடவைக்குப் பூட்டுவதைப் பற்றி. அதில் பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், "இன்னும் ஒரு நிமிசம் போட்டுக்கறேண்ணா, உள்ள மெத்துனு கீது" என்று கையை மூடிக்கொள்வாள். திட்டு ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே வந்தார். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். அவருடைய பதிவேதான்.

"இன்னாண்ணா இது?"

"மேனேஜர் குடுத்தாரு. நம்ம ஃபேக்டரியப் பத்தித்தான் எவனோ எழுதினுகீறான், யாருன்னு கண்டுபுடிச்சிக் குடுன்னு எங்கிட்டயே குடுத்திருக்காரு தம்பி. சீனியர்னு நம்பிக்க."

"அய்யய்யோ. கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"தேடினு இருக்கேன்."

இரண்டு பேரும் அந்தத் தடுப்புக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் அடுத்த வாரம் அவர் முகம் சரியில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பையன், கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் அவன் மேல் சந்தேகம் திரும்பியிருந்தது. "அவன் வேல போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டிருந்த நாள் பார்த்து, அவன் மேனேஜர் கண்ணெதிரே மெஷினில் நிற்கிற நேரத்தில், இரண்டு வரி மட்டும் புதுப் பதிவு போடச் சொன்னார். போட்டேன். பையன் தப்பித்தான். அந்தப் பையனுக்கு இன்றுவரை தெரியாது.

இப்படித்தான் அவர். எது செய்தாலும் செய்த இடத்தில் இருக்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்கண்ணா" என்றேன். ஒரு பெண் குரல்.

"வேலூர் டைலருங்களா?"

எனக்குப் புரியவில்லை. "யாருங்க?"

"இந்த நம்பர்ல வேலூர் டைலர்னு போட்டிருக்குதுங்க. நான் அவரு வீட்டுக்காரி பேசறேன். அவரு நேத்து தவறிட்டாருங்க. சாப்பாட்டு மணி அடிச்சி கை கழுவப் போனவரு அங்கயே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... மதியம் எடுக்கறோம். துணி எதுனா குடுத்திருந்தா நாங்க அப்பறமா வந்து வாங்கிக்கறோம்."

அவருக்கு முப்பத்தெட்டு வயது.

ஆம்பூர் போய் இறங்கி, டைலராகவே அந்த வீட்டுக்குள் போனேன். வேறு யாராகப் போவது? ஒரு ஓரமாக நின்றேன். டைலர் எவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வரும்போதெல்லாம் வெளியே போய் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். ஃபேக்டரி ஆள் ஒருவர் கேட்டார், "நீங்க?"

"டைலருங்க. வேலூர்."

"டைலரா? இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே, பெரிய மனசுதான்." கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "கட எங்க இருக்குது? ஒரு பேண்ட்டு இடுப்பு கம்மி பண்ணணும்" என்றார். கோட்டைக்கு எதிரே என்று சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

மேனேஜர் மாலையோடு வந்தார். கும்பிட்டுவிட்டு, அவர் மனைவியிடம் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "கவலப்படாதம்மா. அவரு எங்களுக்கு உழைச்ச மனுஷன். காரியமெல்லாம் முடிச்சிட்டு வா, பேக்கிங்ல போட்டுக்கறேன்." ஏழு வயதுப் பெண் குழந்தை அந்த அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை நம்பித்தான் இனி அந்த வீடு என்று எனக்கு அப்போதே புரிந்தது.

அன்று அவரைப் பற்றி அங்கே பேசியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நல்லவரு. வம்புக்குப் போகமாட்டாரு. பேச்சே கெடயாது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே சென்டரில், அதே தடுப்பில் உட்கார்ந்து, அவருடைய தளத்தில் அவர் போய்விட்டதை எழுதினேன். பெயர் சொல்லவில்லை, ஃபேக்டரி சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத நூறு பேராவது அவரை நினைத்து ஒரு நாள் வருந்தட்டும் என்றுதான் எழுதினேன். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் வருந்தினார்கள். சென்னைக்காரர் ஒரு பக்கம் எழுதியிருந்ததைப் படித்து அழுதுவிட்டேன்.

மூன்றாம் நாள் பெயர் போடாத ஒரு அனானி கேட்டார்: "செத்தவருடைய கடவுச்சொல் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு பெண் பதிவர் நோயில் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்து, எல்லோரும் அழுது தீர்த்த பிறகு, அப்படி ஒரு பெண்ணே கிடையாது, யாரோ ஒருவர் விளையாடினார் என்று தெரிந்திருந்தது. சூடு பட்டவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பதிவு வருகிறது என்று காட்டும் எண்ணை ஒருவர் எடுத்துப் போட்டார். என் பதிவுகளும் அவர் பதிவுகளும் ஒரே இடம். ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஒன்று முடிந்து பத்து நிமிஷத்தில் மற்றொன்று.

"நீயே எழுதி, நீயே கொன்னுட்டியா?"

"கோட்டைச் சந்திப்புக்கு ஒருவரைக் கூட்டி வந்தீர்களே, அவருடைய நண்பர் என்று. அவரையாவது வந்து சொல்லச் சொல்லுங்கள்."

"அன்று நண்பர் என்று வந்தவரேதான் அவர்" என்று எழுதினேன்.

"ஓகோ. இப்போது அந்த நண்பரும் செத்துவிட்டாரா? நல்ல திரைக்கதை."

ஒரு பெயர் போதும். ஒரு போட்டோ போதும். எல்லோர் வாயும் அடைத்திருக்கும். இரண்டு தடவை அவர் பெயரை அடித்தேன். இரண்டு தடவையும் அழித்தேன். காரியம் முடிந்ததும் அவர் மனைவி பேக்கிங்கில் சேருவதாக இருந்தது.

பிறகு பெங்களூர்க்காரர் ஒருவர் எழுதினார். கெட்டவர் இல்லை, உண்மை தெரியவேண்டும் என்று துடித்தவர். "வருகிற சனிக்கிழமை நான் ஆம்பூருக்கே போகிறேன். போன வாரம் எந்த ஃபேக்டரியில் யார் இறந்தார் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். இருந்தால் அஞ்சலி. இல்லாவிட்டால் இந்த ஆளை அம்பலப்படுத்துவேன்."

சொல்லிவிடுவார்கள்தான். அந்த வாரம் ஃபேக்டரிக்குள் விழுந்து செத்தவர் ஒரே ஒருவர். பெங்களூர்க்காரர் கையுறைப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்று விசாரிப்பார். மேனேஜர் வெளியே வருவார்.

வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே எழுதினேன். "ஆமாம். இரண்டு பேரும் நான்தான். அப்படி ஒருவர் இல்லை. மன்னித்துவிடுங்கள்."

எட்டே வார்த்தை. அவர் முழுசாகச் செத்தார்.

திட்டினார்கள், எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாராட்ட ஆரம்பித்தார்கள். "ஏமாற்றினாலும் என்ன எழுத்துய்யா உனக்கு!" என்றார்கள். ஒரு சிறு பத்திரிகை கையுறைப் பதிவை என் பெயரில் போட அனுமதி கேட்டது. வேண்டாம் என்றால் தன்னடக்கம் என்றார்கள். என் கல்லூரியில் ஒரு பேராசிரியர் தோளில் தட்டி, "உள்ளுக்குள்ள இவ்ளோ வெச்சினு இருந்திருக்கியே" என்றார். நான் அவரிடமே சொன்னேன், சார், அது நான் இல்லை என்று. அவர் சிரித்தார். எனக்குத் தூக்கம் போனது. எழுதுவதும் போனது. என்ன அடித்தாலும் அவர் குரல் கேட்கவில்லை. என் சாயல் மட்டும் இளித்துக்கொண்டு நின்றது.

உலகத்தில் ஒரு ஆளுக்காவது தெரியவேண்டும். அந்த ஒரு ஆள் அண்ணியாக இருக்கட்டும் என்று நான்கு மாதம் கழித்து எல்லாப் பதிவையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். (அண்ணி இப்போது அந்த வேலையை விட்டு, குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

ஷிஃப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் டைலர் இல்லை என்றேன். அதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. அவரு சட்டையெல்லாம் இந்தத் தெருவுலதான் தைப்பாரு. வேலூர்ல யாரையாவது வெச்சினு இருக்காரோன்னு நெனச்சினு இருந்தேன். வாரா வாரம் குளிச்சி சட்ட மாத்தினு கெளம்புவாரு. கேக்கல நானு. இப்ப நெனச்சாலும் அதான் அறுக்குது."

"எழுதத்தான் வந்தாரு அண்ணி. சத்தியமா. அவரு சொல்லுவாரு, நான் அடிப்பேன். இதோ."

ஒன்பதாவது வரை படித்தவர். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். கையுறைப் பதிவை முழுசாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத எழுதினது வேலூர்ப் பையன் ஒருத்தன், அவனே ஒத்துக்கினான்னு மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சி சொன்னாரே. அது நீங்கதானா?"

"ஒத்துக்கினது நான் அண்ணி. எழுதினது அண்ணா. உங்க வேலைக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு..."

"இந்தப் பேச்செல்லாம் அவருக்கு ஏது தம்பி? வீட்ல சேந்தாப்ல நாலு வார்த்த பேசினதில்ல. சோறு போதுமான்னா தலைய ஆட்டுவாரு."

"உள்ள வெச்சினு இருந்தாரு. பேக்கிங்ல ஒரு பொண்ணு வருது பாருங்க, அந்தப் பொண்ண இப்ப நீங்க தெனம் பாக்கறீங்க. இது எனக்கெப்படித் தெரியும் சொல்லுங்க?"

"அவரு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. நீங்க அழகா எழுதியிருக்கீங்க."

நான் ரிஜிஸ்டர் கதையைச் சொன்னேன். கோட்டையில் நடந்ததைச் சொன்னேன். கால் நகத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நான் புனைந்தது போலக் கேட்க ஆரம்பித்தது. அவர் பொறுமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமைய நெனச்சி நான் பேஜாராயிடக் கூடாதுன்னு வந்து சொல்றீங்க. நல்லா இருக்கணும் நீங்க" என்றார். காகிதங்களை ஓரம் சேர்த்துத் தட்டி, என் கையில் திரும்பக் கொடுத்தார். "இத வீட்ல வெச்சிருந்தா வம்பு. நீங்களே எடுத்துனு போங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் வரை வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"இவ்ளோ நல்லா எழுதறீங்களே தம்பி, அவரப் பத்தியும் ஒண்ணு எழுதுங்களேன். எழுதற அளவுக்குப் பெருசா ஒண்ணும் இல்லதான், எனக்குத் தெரியும். இருந்தாலும்."